அப்ரைசல் படிவமும் ஒரு சீ.ஆர். கொப்பியும்: முதல் தடவை மதிப்பீடு எழுதப் போகிறவர்களுக்கு

டிசம்பர் முதல் கிழமை. திருகோணமலையில் மாரி மழை விட்டபாடில்லை. உப்புவெளிக் கடல் கலங்கிக் கிடக்கிறது. ஹோட்டலில் நாற்பது அறைகளில் ஐந்தில்தான் ஆட்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்புத் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வரும்: ஊழியர்களின் வருடாந்த செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவங்களை 15ஆம் திகதிக்குள் அனுப்பி வைக்கவும்.

நான் மேற்பார்வையாளராகி முதல் வருடம், ஒன்பது பேருடைய படிவங்களையும் ஒரே இரவில் எழுதி முடித்தேன். ‘கடமையுணர்வு மிக்கவர். எல்லோருடனும் அன்பாகப் பழகுபவர். இன்னும் முன்னேற இடமுண்டு.’ எனக்கே என் எழுத்து பிடித்திருந்தது. அடுத்த நாள் ஹவுஸ்கீப்பிங்கில் வேலை செய்த ஒரு அக்கா, கையெழுத்து வைக்க முதல் படிவத்தை முழுதாக வாசித்தார். வாசித்துவிட்டு, “இதில என்ட பேர எடுத்துட்டு ரிசெப்ஷன் தம்பிட பேரப் போட்டாலும் சரியாத்தானே இருக்கும், சேர்?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டார். அவர் வருடம் முழுக்கச் செய்த வேலையில் ஒரு நாள்கூட அந்தப் படிவத்தில் இல்லை. பேரை மாற்றினால் இன்னொருவருக்குப் பொருந்துகிற மதிப்பீடு, மதிப்பீடே இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இந்த வழிகாட்டி, இப்போதுதான் மேற்பார்வையாளராகவோ கிளை முகாமையாளராகவோ ஆகி, முதல் தடவை அந்தப் படிவத்தைக் கையில் எடுத்திருப்பவர்களுக்கு. எனக்குத் தெரிந்தது ஹோட்டல் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும். வங்கிக் கிளை, கடை, களஞ்சியம், தொண்டு நிறுவனம் எதுவென்றாலும் செய்முறை ஒன்றுதான். அரச அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் படிவமும் நடைமுறையும் சுற்றறிக்கைப்படி இருக்கும். அதில் கை வைக்க முடியாது. ஆனால் படிவத்துக்குள் எழுதும் வசனம் அங்கேயும் உங்களுடையதுதான்.

முதல் படி: ஜனவரியில் ஒரு கொப்பி வாங்குங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பி போதும். கணினியில் எக்செல் கோப்பு திறக்கலாம்தான். நானும் திறந்தேன். பெப்ரவரிக்குப் பிறகு அதை நான் திறக்கவே இல்லை. கொப்பி என்றால் மேசை லாச்சியில் கண்ணில் படும்.

ஒவ்வொரு ஊழியருக்கும் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பதிவிலும் மூன்று விஷயம் வேண்டும்: திகதி, என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது. உங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டாம். ‘பொறுப்பில்லாதவர்’ என்று எழுதினால் டிசம்பரில் அந்தச் சொல் மட்டும்தான் மிஞ்சும், ஏன் எழுதினீர்கள் என்பது மறந்துபோகும். ‘ஜூன் 9: 204ஆம் அறையில் ஏசி வேலை செய்யவில்லை என்று விருந்தினர் காலை சொன்னதைப் பராமரிப்புக்கு அறிவிக்கவில்லை. மாலையில் அறை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று’ என்று எழுதினால் எந்த மாதத்தில் வாசித்தாலும் நடந்தது தெரியும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படைக்காக வேலை செய்த ஜோன் ஃபிளனகன் என்ற உளவியலாளர், ஒருவரின் வேலையைக் குணச் சொற்களால் அளக்காமல், நடந்த குறிப்பான சம்பவங்களைச் சேர்த்து அளக்கும் முறையை 1954இல் விரிவாக எழுதி வெளியிட்டார். கொப்பியில் நாம் செய்வது அதன் எளிய வடிவம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்து நிமிடம் இதற்கென்று வையுங்கள். நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள். மாத முடிவில் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் சில பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அந்த ஊழியர் ஒன்றும் செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, நீங்கள் அவரைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். எனக்கு எப்போதும் வெறுமையாகக் கிடந்தது இரவுக் காவலாளியின் பக்கம். நான் வீட்டுக்குப் போன பிறகு வருகிறவர், நான் வரும்போது போகிறவர். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் காலையில் லொக் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், இரவு ரிசெப்ஷனில் இருந்த தம்பியிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபோதுதான், ஒரு நாள் இரவு மின்சாரம் போய் ஜெனரேட்டரும் எடுக்காமல் நின்றபோது, அவர் தனியே பியூஸ் மாற்றி அதை ஓட வைத்தார் என்று தெரிந்தது. கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

இந்தக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அம்பா என்ற வலை இழுக்கும் பாட்டைப் பாடிச் சத்தம் போடுகிறவர் முன்னுக்கு நிற்பார். கயிற்றின் கடைசியில் காலை மணலில் ஊன்றி இழுக்கிறவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு மறதி

அண்மையில் நடந்தது மட்டும் நினைவில் நிற்பது எல்லா ஊர் முகாமையாளர்களுக்கும் உள்ள குறைபாடு. திருகோணமலையில் அதற்கு ஒரு தனி வடிவம் இருக்கிறது. எங்கள் சீசன் ஏறக்குறைய ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகுகள் ஓடும், கச்சான் காற்றில் உடம்பு எரியும், ஊழியர்கள் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்வார்கள். மதிப்பீடு எழுதுவதோ நவம்பர், டிசம்பர் மழையில். அப்போது நீங்கள் பார்ப்பது, லொபியில் போனை நோண்டிக்கொண்டு நிற்கிற பையனை. ஓகஸ்டில் அதே பையன் இரவு பதினொரு மணிக்கு வந்திறங்கிய பஸ் நிறைய விருந்தினர்களுக்கு ஒருவனாக நின்று பெட்டி தூக்கியது மனதில் வராது.

தெற்குக் கரை ஹோட்டல்காரர்களுக்கு இது தலைகீழ். அவர்களுடைய சீசன் சூடுபிடிக்கும் நேரம் டிசம்பர். ஒரே கொம்பனியின் ஒரே படிவத்தை ஒரே மாதத்தில் நிரப்பும்போது, அங்கே உள்ள ஊழியர் சுறுசுறுப்பானவராகவும் இங்கே உள்ளவர் சோம்பேறியாகவும் தெரிவார். கொழும்பில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே படிவம் எழுத உட்காரும்போது கொப்பியை ஜனவரியிலிருந்து வாசிக்காதீர்கள். சீசன் மாதங்களை முதலில் வாசியுங்கள், பிறகு மற்றவற்றை.

அடுத்த படி: தாள்களைச் சேருங்கள்

எழுதத் தொடங்க ஒரு கிழமைக்கு முதல் இவற்றை மேசைக்குக் கொண்டுவாருங்கள்: அந்த ஊழியரின் வேலை விவரம், போன வருட மதிப்பீடு, வரவுப் பதிவு, டியூட்டி ரோஸ்டர், முறைப்பாட்டுப் புத்தகம், விருந்தினர்கள் பெயர் சொல்லி எழுதிய பாராட்டுகள், களஞ்சியப் பதிவு.

வேலை விவரத்தைக் கட்டாயம் வாசியுங்கள். பத்தில் ஆறு பேருக்கு அது பழையதாக இருக்கும். அறை சுத்தம் செய்யும் ‘ரூம் போய்’ வேலைக்கென்று எடுத்தவர் இப்போது லினன் கணக்கையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உண்மையில் செய்யும் வேலைக்குத்தான் மதிப்பீடு, நியமனக் கடிதத்தில் இருக்கிற வேலைக்கு அல்ல.

வரவுப் பதிவில் ஒரு எச்சரிக்கை. விரல் அடையாள இயந்திரம் தரும் தாளில் ‘வரவில்லை’ என்று இருக்கும் நாட்கள் எல்லாம் குற்றம் அல்ல. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் உரிமை. பிரசவ லீவு 84 நாள். உரிமையான லீவை எடுத்ததற்காக ஒருவரின் புள்ளியைக் குறைத்தால், அது அநியாயம் மட்டுமல்ல, நாளைக்கு உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடிய தாள். பிள்ளை பெற்று வந்த தங்கச்சிக்கு ‘இந்த வருடப் பங்களிப்பு குறைவு’ என்று ஒருவர் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வேலைக்கு வந்த மாதங்களை மட்டும் வைத்து எழுதுங்கள், அது போதும்.

வசனம் எழுதுவது

இதில்தான் ஆட்கள் திணறுகிறார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் கற்றது பாராட்டுரைத் தமிழ். பிரியாவிடையிலும் மணிவிழா மலரிலும் எழுதுகிற தமிழ். ‘பன்முக ஆற்றல் கொண்ட, பண்பான, பணிவான’ என்று தானாகக் கை போகும். மதிப்பீட்டில் அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும்.

நான் வைத்திருக்கும் சோதனை அந்த அக்கா கேட்ட கேள்விதான். வசனத்தை எழுதிவிட்டுப் பெயரை மாற்றிப் பாருங்கள். இன்னொருவருக்கும் பொருந்துகிறதா? அழித்துவிடுங்கள்.

‘வேலையில் ஆர்வம் குறைவு, நேரம் தவறுபவர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஆர்வம் என்பது அவருடைய மனதில் இருப்பது. அது உங்களுக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதுங்கள்: ‘மே முதல் ஓகஸ்ட் வரை காலை ஷிப்டுக்கு ஆறு தடவை 20 நிமிடத்துக்கு மேல் பிந்தி வந்தார். அதில் நான்கு நாட்கள் காலைச் சாப்பாட்டு மேசை பிந்தியது. ஓகஸ்ட் கடைசியில் இதைப் பற்றிப் பேசினோம். மூதூரிலிருந்து வரும் முதல் பஸ் பிடிபடுவதில்லை என்றார். ஷிப்டை அரை மணி நேரம் தள்ளிக் கொடுத்தோம். செப்டெம்பருக்குப் பிறகு ஒரு நாளும் பிந்தவில்லை.’ இப்போது இது குற்றப்பத்திரம் இல்லை. பிரச்சினையும் தீர்வும் இரண்டும் அதில் இருக்கின்றன, உங்கள் பங்கும் இருக்கிறது.

பாராட்டுக்கும் இதே விதிதான். ‘விருந்தினர்களை நன்றாக உபசரிப்பவர்’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘ஜூலையில் ஒரு ஜெர்மன் குடும்பத்தின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தன் ஷிப்ட் முடிந்த பிறகும் நின்று, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய், மருந்தின் அளவைப் பெற்றோருக்கு விளங்கப்படுத்தினார்’ என்று எழுதுங்கள். இதைத் தலைமையகத்தில் வாசிப்பவர் அந்த ஊழியரைப் பார்த்ததில்லை. ஆனாலும் வாசித்த பிறகு ஆள் யார் என்று தெரியும். பதவி உயர்வுக்குப் பெயர் தேடும்போது இந்த வசனம்தான் ஞாபகம் வரும்.

சில சொற்களை நான் முழுதாக விலக்கிவிட்டேன். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ இரண்டும் அநேகமாகப் பொய். ‘அவரைப் போல இவர் இல்லை’ என்று சக ஊழியரோடு ஒப்பிடுவது வேண்டாம், அது அன்றைக்கே கன்டீனுக்குப் போய்ச் சேரும். ‘பெண்ணாக இருந்தும்’, ‘வயதானாலும்’ என்று தொடங்கும் பாராட்டு பாராட்டே இல்லை.

மொழி என்ற விஷயம் வேறு இருக்கிறது. படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். கையெழுத்து வைப்பவர்களில் சிலர் தமிழ் மட்டும் வாசிப்பார்கள், சிலர் சிங்களம் மட்டும். விளங்காத தாளில் கையெழுத்து வாங்குவது காணி எழுதி வாங்குகிற வேலை மாதிரி. நான் ஆங்கிலப் படிவத்தோடு ஊழியர் வாசிக்கும் மொழியில் ஒரு பக்கம் எழுதி இணைத்துவிடுவேன். சிங்களத்தில் நான் பேசுவேன், எழுத்து வராது. அதனால் கணக்குப் பிரிவில் உள்ள நண்பர் ஒருவரைக் கொண்டு எழுதுவிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் யோசித்தேன், ஒருவரின் மதிப்பீட்டை இன்னொரு ஊழியர் பார்ப்பது சரியில்லை. இப்போது நானே தட்டுத்தடுமாறி எழுதுகிறேன். எழுத்துப்பிழைக்கு அவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை.

எவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். நன்றாகச் செய்த இரண்டு மூன்று விஷயம், திருத்த வேண்டிய ஒன்று அல்லது இரண்டு, அடுத்த வருடத்துக்கு ஒன்று இரண்டு. ஒரு பக்கம் போதும். ஏழு குறையை ஒரே நேரத்தில் சொன்னால் ஆள் எதைத் திருத்துவார்?

புள்ளி போடுதல்

படிவத்தில் 1 முதல் 5 வரை இருக்கும். எழுதத் தொடங்க முதல், ஒவ்வொரு எண்ணுக்கும் உங்கள் பிரிவில் என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எனக்கு 3 என்றால் ‘எதிர்பார்த்த வேலையைச் சரியாகச் செய்கிறார், யாரும் பின்னால் நின்று பார்க்க வேண்டியதில்லை’. அது நல்ல புள்ளி. எங்கள் ஆட்களுக்கு 3 என்றால் பள்ளிக்கூடத்து அறுபது மார்க் மாதிரிப் படுகிறது, முகம் வாடிவிடுகிறது. இதை ஜனவரியிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டால் டிசம்பரில் வருத்தம் குறையும்.

புதியவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: எல்லோருக்கும் 4, அல்லது எல்லோருக்கும் 3. வம்பு வேண்டாம் என்று செய்கிறார்கள். ஆனால் உண்மையாக உழைத்தவருக்கு அதுதான் பெரிய வம்பு.

இன்னொரு பொறி, ஒருவரிடம் ஒரு குணம் பிடித்துவிட்டால் எல்லாப் பெட்டியிலும் நல்ல புள்ளி விழுவது. 1920இல் எட்வர்ட் தோர்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், இராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளைப் பார்த்து இதைக் காட்டினார். உடல்வாகு, புத்திக்கூர்மை, தலைமைத்துவம், குணம் என்று தனித்தனியாகக் கேட்டும், ஒன்றில் கூடியவருக்கு மற்றதிலும் கூடியே இருந்தது. நூறு வருடம் தாண்டியும் அது மாறவில்லை. எங்களிடம் அது ‘நல்ல இங்கிலிஷ் பேசுகிற பிள்ளை’ என்ற வடிவில் வரும். ஆங்கிலம் நன்றாக வந்தால் சுத்தத்துக்கும் 5, நேரத்துக்கும் 5.

இதற்கு எனக்கு உதவிய தந்திரம்: ஒரு ஆளின் படிவத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போகாதீர்கள். எல்லோருடைய படிவத்தையும் பரப்பி வைத்து, முதலில் ‘நேரம் தவறாமை’ மட்டும் ஒன்பது பேருக்கும் போடுங்கள். பிறகு ‘சுத்தம்’ ஒன்பது பேருக்கும். கொஞ்சம் சலிப்பான வேலைதான். ஆனால் ஆள் மறைந்து வேலை தெரியும்.

அண்ணா என்று கூப்பிடுகிறவருக்கு 2 போடுவது

மனிதவள முகாமைத்துவப் பாடநெறிகளில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். இது சின்ன ஊர். உங்கள் கீழ் வேலை செய்பவர் உங்கள் சின்னம்மாவின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். அல்லது உங்களுக்கு வேலை பழக்கியவராகவே இருப்பார். நேற்று வரை அண்ணா என்று கூப்பிட்டீர்கள், இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள், படிவத்தில் மட்டும் அவர் கணக்கில் 2 போட வேண்டும். அது சனிக்கிழமை பத்திரகாளி கோயில் வாசலில் அவர் மனைவியை நீங்கள் காணும்போது தெரியும்.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பது வீட்டுக்குச் சரி. இங்கே குற்றம் பார்க்கத்தான் சம்பளம். ஆனால் பார்க்கும் விதம் ஒன்று இருக்கிறது. மூத்தவர்களுக்கு டிசம்பர் படிவத்தில் முதல் தடவையாக ஒரு குறையைக் காட்டவே கூடாது. அது நடந்த மாதத்திலேயே, தனியாக, ஒரு பிளேன்டீயோடு சொல்லியிருக்க வேண்டும். “அண்ணா, இந்த ஸ்டோர் பதிவு மூன்று கிழமையாக எழுதப்படவில்லை, என்ன பிரச்சினை?” என்று கேட்டிருக்க வேண்டும். நான் அப்படிக் கேட்டபோது ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, கண் சரியாகத் தெரியவில்லை, மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும், இந்த மாதம் காசு இல்லை என்றார். குறை வேலையில் இருக்கவில்லை. கேட்காமல் டிசம்பரில் 2 போட்டிருந்தால் அந்த மனிதர் என்னை மன்னித்திருக்க மாட்டார். நானும் தப்பாக எழுதியவனாக இருந்திருப்பேன்.

மறுபக்கமும் உண்டு. உறவுக்காரருக்குக் கூட்டிப் போடுவது எல்லோருக்கும் தெரியும் குற்றம். உறவுக்காரர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று குறைத்துப் போடுவதும் அதே குற்றம்தான். உங்களுக்கு நெருங்கிய சொந்தம் என்றால் மேலே உள்ளவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அந்த ஒரு படிவத்தை வேறு முகாமையாளரை எழுதச் சொல்லுங்கள்.

அவர் பக்கத்தைக் கேளுங்கள்

பல படிவங்களில் சுயமதிப்பீடு என்று ஒரு பகுதி இருக்கும். எங்கள் ஆட்கள் அதில் ‘என்னால் இயன்றளவு செய்தேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வைத்துவிடுவார்கள். தன்னைத் தானே புகழ்வது அழகில்லை என்று வளர்ந்தவர்களிடம் சாதனைகளைப் பட்டியலிடுங்கள் என்றால் வேறு என்ன எழுதுவார்கள்? நான் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். இந்த வருடம் ஆகக் கஷ்டமான நாள் எது? நீங்கள் செய்து யாரும் கவனிக்காமல் போன வேலை எது? அடுத்த சீசனுக்கு உங்களுக்கு என்ன வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு ஒருவர் ‘இன்னொரு ட்ரொலி’ என்று மட்டும் எழுதியிருந்தார். இரண்டு மாடிக்கு ஒரே ட்ரொலி என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பேசுவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். படிவத்தை ஒரு நாள் முந்திக் கொடுத்துவிடுங்கள், உங்கள் முன்னால் வைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். ரிசெப்ஷன் பக்கத்தில் வேண்டாம், கண்ணாடி அறையில் வேண்டாம். மேசைக்கு எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு இலகுவாக வரும். நன்றாக வேலை செய்பவர்களிடம் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அது பிழை. விட்டுப் போகக் கூடாதவர்கள் அவர்கள்தான்.

அடுத்த வருடத்துக்கான இலக்கை அந்த இடத்திலேயே இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதுங்கள். ‘ஆங்கில அறிவை வளர்த்துக்கொள்ள வேண்டும்’ என்பது இலக்கு இல்லை. ‘ஏப்ரலுக்குள் செக்-இன் பேச்சை உதவி இல்லாமல் ஆங்கிலத்தில் செய்வது, அதற்காக ஜனவரி, பெப்ரவரியில் கிழமைக்கு இரண்டு நாள் ரிசெப்ஷனில் கூட நிற்பது’ என்பது இலக்கு. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை எடுக்க விரும்புகிறவர் என்றால் எந்த மட்டம், எந்த மாதம், அதற்கு லீவு யார் தருவது என்று எழுதுங்கள். மழைக்காலம் எங்களுக்குப் பயிற்சிக் காலம். அதை வீணாக்காதீர்கள்.

சம்பளம் எவ்வளவு கூடும்?

கேட்காத ஆள் இல்லை. முடிந்தால் சம்பளப் பேச்சை வேறு நாளுக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வது ஒன்றும் காதில் விழாது. ஆனால் கணக்குத் தெரிந்து வைத்திருங்கள். அடிப்படைச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூடினால் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடிபடும், அதாவது 80 ரூபாய். வரி பிடிக்கும் சம்பளம் இல்லையென்றால் கையில் 920 வரும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 120 ரூபாய் சேமலாப நிதிக்கும், 3 வீதம், 30 ரூபாய் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்ட வேண்டும். இதை ஒரு துண்டில் எழுதிக் காட்டினால், ‘ஆயிரம் என்றீர்கள், எண்பது எங்கே’ என்ற கேள்வி வராது. உங்களுக்கு அதிகாரம் இல்லாத தொகையை வாக்குக் கொடுக்காதீர்கள். “நான் பரிந்துரைத்திருக்கிறேன், முடிவு அங்கே” என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கையெழுத்துக்குப் பிறகு

மதிப்பீடு ஒரு சட்டத் தாளும் கூட என்பதைப் புதியவர்கள் நினைப்பதில்லை. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பிணக்கு வந்தால் பழைய படிவங்கள் எல்லாம் வெளியே வரும். நான்கு வருடம் ‘மிகத் திறமையானவர்’ என்று எழுதிவிட்டு ஐந்தாம் வருடம் ‘திறமையற்றவர்’ என்றால், அந்த நான்கு தாளும் அவருக்காகச் சாட்சி சொல்லும். இரக்கத்தில் கூட்டிப் போட்ட புள்ளி இப்படித்தான் திரும்பி வரும். அதேபோல, களவு, குடித்துவிட்டு வருதல், கைகலப்பு போன்றவற்றுக்கு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். அவற்றுக்கு விளக்கம் கோரும் கடிதம், விசாரணை என்று தனி வழி இருக்கிறது.

கையெழுத்து வாங்கும்போது ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ‘வாசித்தேன், பெற்றுக்கொண்டேன்’ என்பது போதும். அவருடைய கருத்துக்குக் கட்டாயம் இடம் விடுங்கள், ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். தலைமையகம் பிறகு புள்ளியை மாற்றினால், மாற்றியதை அவருக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். சம்பளச் சிட்டையைப் பார்த்து அவர் கண்டுபிடிக்க விடக் கூடாது.

கருத்துப் பெட்டியைப் பெரும்பாலானவர்கள் வெறுமையாகத்தான் விடுவார்கள். இரவுக் காவலாளி எழுதியிருந்தார். ‘ஜெனரேட்டர் விசயம் எழுதினதுக்கு நன்றி. ஆனா அது 11 மணி இல்ல, 2 மணி.’ லொக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 2.10. ரிசெப்ஷன் தம்பி சொன்னதைக் கேட்டுத்தான் நான் 11 என்று குறித்திருந்தேன். படிவத்தில் 11ஐ வெட்டி 2.10 என்று எழுதி, பக்கத்தில் இரண்டு பேரும் சிறு கையெழுத்து வைத்தோம்.